அந்த முகவரி இங்கே மட்டும் திறக்கும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

காலை எட்டு மணி வண்டிக் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் உன் கவுண்டருக்கு வந்துவிடும். ஐந்து வாரமாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் என்ன பேசியிருப்பேன் என்று யோசித்தேன். "ம்" என்றிருப்பேன். அதற்கும் நீ திட்டியிருப்பாய். எழுத்தில் என்றால் கொஞ்சம் வாய் வருகிறது.

டிப்போ ஆபீசில் எனக்காக நீ மேனேஜரிடம் சொல்லி வைத்த கிளார்க் வேலையை விட்டுவிட்டு, உன்னிடம் சொல்லாமல் வண்டி ஏறியது தப்புதான். உன் ஜன்னலைத் தாண்டும்போது குனிந்துகொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கழுத்து வலிக்கிறது.

இங்கே அறையில் நாங்கள் நான்கு பேர். என் கட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. யார் உள்ளே வந்தாலும் என் காலை இடிப்பார்கள். சாஃப்ட்வேர் கம்பெனி ஆபீஸ் மூன்றாவது மாடியில். ஜன்னல் ஓரமாக ஒரு மேசையும், எனக்கு முன்னால் யாரோ பயன்படுத்திய ஒரு கணினியும் கொடுத்திருக்கிறார்கள். 'எஸ்கேப்' பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது.

டிரெய்னிகள் நாங்கள் மூன்று பேர். மார்ச் 31 வரை சோதனைக் காலம், தேறினால்தான் வேலை நிரந்தரம். அதற்குள் அவரவர் மெஷினில் அவரவரே ஒரு சர்வர் அமைத்து, அதில் ஏதாவது ஒரு பக்கத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேட்டால் எடுத்துக் கொடுக்கிறவன். உன் கவுண்டர் மாதிரி. ஜன்னலில் வந்து ஒருவர் கேட்பார், நீ உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து நீட்டுவாய். அதையே கணினிக்குள் ஒரு புரோகிராம் செய்கிறது.

என்ன செய்யலாம் என்று எங்கள் டீம் லீடர் கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் தொலைந்த பொருள்களுக்கான பதிவேடு. உன் நீல அட்டை நோட்டுதான் நினைவில் இருந்தது.

ஆனால் சர்வர் கிளம்பவே மாட்டேன் என்கிறது. கிளப்பினால் "இந்த இடத்தை ஏற்கெனவே வேறொருவர் பயன்படுத்துகிறார்" என்று ஒரு வரி வருகிறது. ஆறு நாளாக அதே வரி. அழித்துவிட்டு மூன்று முறை முதலிலிருந்து போட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்கலாம். அவர் நாள் முழுக்க ஹெட்போன் மாட்டியிருக்கிறார். அவர் தோளைத் தட்ட வேண்டும். இரண்டு முறை கையை நீட்டிவிட்டு, தலைமுடியைச் சரி செய்கிற மாதிரி திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே.

உன் தங்கை


பிப்ரவரி 12

ஏ பூனை,

பேப்பர் தேடிப் போக நேரமில்லை. ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் ஒரு டிபன் கேரியரைப் பற்றியது. அதைப் படிக்காதே.

அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். உன்னைப் பற்றிக் கேட்டால் "அவளுக்கென்ன, ராணி" என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

மேனேஜரிடம் போய் மறுபடியும் நின்றேன். மார்ச் 31 சாயங்காலம் ஐந்து மணி வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார். "உங்க தங்கச்சி முகத்துக்காக இல்லம்மா, உங்க முகத்துக்காக" என்றார். அந்த வார்த்தையை நான் எப்படி வாங்கிக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வேலை. மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற வேலை. நம் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தவள் நீ ஒருத்திதான். அதற்காக அந்த இடத்தைக் கேட்டேன், எனக்காக இல்லை.

உன் சர்வர் சமாச்சாரம். இங்கே எட்டாம் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி ரிப்பேராகி நாலு நாள் நின்றது. பின்னால் வந்த டிரைவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஒருத்தனும் இறங்கிப் போய் அது யாருடைய வண்டி என்று பார்க்கவில்லை. ஹாரன் அடித்தால் வண்டி நகருமா? இடத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று அதுவே சொல்கிறது. யார் என்று பாரேன். இதற்கு ஆறு நாளா? பட்டம் எதற்கு வாங்கினாய்?

அந்த ஆளின் தோளைத் தட்டு. கடிக்க மாட்டார்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

இந்த மெஷினை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் தன்னுடைய சர்வர் ஒன்றை உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆள் போய் ஒரு வருஷமாகிறது. ஆனால் தினமும் காலையில் நான் பொத்தானை அழுத்தியதும் அது எழுந்துபோய் தன் இடத்தில் நின்றுகொள்கிறது. யாரும் அதனிடம் எதுவும் கேட்பதில்லை. இருந்தும் நிற்கிறது. அதைத் துரத்த எனக்கு மனசு வரவில்லை. இடங்களுக்கெல்லாம் எண் உண்டு. அதன் எண் 80. நான் சர்வருக்கான விதிகள் இருக்கிற கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, ஒரே ஒரு வரியை மாற்றி, என் சர்வரை 8080 என்ற எண்ணில் நிறுத்தினேன். உடனே கிளம்பிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது "அனுமதி இல்லை" என்றது. என் ஃபோல்டரைப் பூட்டி வைத்துவிட்டு அதற்குள்ளிருந்து எடுத்துக் கொடு என்று சர்வரிடம் கேட்டிருக்கிறேன். அதற்கு இரண்டு நாள். பிறகு பக்கம் வந்துவிட்டது, அக்கா. மேலே நீலப் பட்டை, உன் நோட்டு நிறம். பொருள், எண்ணிக்கை, கிடைத்த இடம், அடையாளம், யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, பெற்றவர் கையொப்பம் என்று உன் கட்டங்கள் அத்தனையும் இருக்கின்றன. நாற்பது குடைகளைப் பதிந்து பார்த்தேன்.

நீயும் பார்க்க வேண்டும். மேனேஜர் அறையில் கணினி இருக்கிறதல்லவா? இணைத்திருக்கும் துண்டுச் சீட்டில் முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறேன். முதலில் லோக்கல்ஹோஸ்ட், பிறகு ஒரு ரெட்டைப்புள்ளி, பிறகு 8080. இடைவெளி விடாதே. மேனேஜரையும் பார்க்கச் சொல். அவரே பார்த்துவிட்டால் நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

உன் தங்கை

தோளைத் தட்டவில்லை. தேவைப்படவில்லை.


பிப்ரவரி 20

உன் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். வைத்துக்கொள்.

மேனேஜர் அறைக்கு நான் தனியாகப் போகவில்லை. டைம்கீப்பரைக் கூப்பிட்டேன். டீ குடிக்க வந்த இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டேன். "என் தங்கச்சி செஞ்சது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். மேனேஜர் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். இடைவெளி விடவில்லை.

ஒன்றும் வரவில்லை. இந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று வந்தது. நான் தப்பாக அடித்தேனோ என்று டைம்கீப்பர் அடித்தார். அப்புறம் மேனேஜர் அடித்தார். மூன்று பேருக்கும் அதே வரி.

"உங்க தங்கச்சி வண்டி இன்னும் ஸ்டாண்டுக்கே வரலியே" என்றார் டைம்கீப்பர். டிரைவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மேனேஜர் சிரிக்கவில்லை. எல்லோரும் போனபிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படி ஒரு கம்பெனி இருக்கான்னு யாராவது போய்ப் பாத்தீங்களாம்மா?"

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நிஜமாகவே அங்கே வேலைக்குத்தான் போகிறாயா? இல்லை, ஏதாவது நடந்து, சொல்ல வெட்கப்பட்டு, எனக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறாயா? எதுவானாலும் சொல். அடிக்க மாட்டேன். ஆறு மணி வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடு.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். படித்துவிட்டு நேராக உள்ளே போய் ஹெட்போன்காரரின் தோளைத் தட்டினேன். அவர் பயந்து எழுந்துவிட்டார்.

"என்ன?"

"இந்த முகவரி வேற ஊர்ல ஏன் திறக்கல?"

சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இத யாருக்காவது அனுப்பினீங்களா?"

"எங்க அக்காவுக்கு."

அவர் சிரித்திருந்தால் அப்போதே வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க" என்றார்.

விஷயம் இதுதான். லோக்கல்ஹோஸ்ட் என்பது ஓர் ஊரின் பெயரோ கம்பெனியின் பெயரோ இல்லை. எந்தக் கணினியில் அடிக்கிறோமோ அந்தக் கணினியையே அது குறிக்கும். "நம்ம வீட்டுக்குப் போ" என்று நான் உன்னிடம் சொன்னால் நீ நம் வீட்டுக்குப் போவாய். டைம்கீப்பரிடம் அதையே சொன்னால் அவர் தன் வீட்டுக்குப் போவார். அன்று நீங்கள் மூன்று பேரும் மேனேஜர் கணினிக்குள்ளேயே என் பதிவேட்டைத் தேடியிருக்கிறீர்கள். அங்கே எப்படி இருக்கும்? நான் எப்போதும் என் மெஷினிலேயே அடித்து, என் மெஷினிலேயே பார்த்ததால் எனக்கு இது தோன்றவே இல்லை. சந்தோஷத்தில் யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். மேனேஜர் உனக்கு நாற்காலி கொடுத்தார் என்ற வரியைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

கம்பெனி இருக்கிறது. மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரம், மூன்றாவது மேசை. டிரெய்னிகளின் வேலையை வெளியூரிலிருந்து பார்க்கிற மாதிரி வெளியே வைக்க இங்கே அனுமதி இல்லை. அதனால் இதை நிரூபிக்க என்னிடம் வேறு வழி இல்லை. பார்க்க வேண்டுமென்றால் நீ இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். வா என்று சொல்லும் தைரியமும் இல்லை. உனக்கு லீவு கிடைக்காது என்றும் தெரியும்.

கதை எழுதவில்லை, அக்கா.

உன் தங்கை


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாகிறது. கண்டக்டரிடம் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். அது 'கொடுத்தேன்' என்பதா, 'பதில் இல்லை' என்பதா தெரியவில்லை. தினமும் காலையில் எட்டு மணி வண்டி வரைக்கும் நடந்து போய்விட்டுத்தான் ஆபீஸ் போகிறேன். கால் தானாகப் போகிறது.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன். ஒரே ஒரு மெஷினில் திறக்கிற பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றிவிட்டது. வெளியூர் வேண்டாம், ஆபீசுக்குள் பக்கத்து மேசையிலாவது திறக்கட்டும். கான்ஃபிக் ஃபைலில் என் சர்வர் "உள்ளே இருந்து கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்வேன்" என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. என்னைப் பற்றி யாரோ எழுதி வைத்த மாதிரி. யார் கூப்பிட்டாலும் பதில் சொல் என்று மாற்றினேன். அப்போதும் திறக்கவில்லை. மெஷினின் ஃபயர்வால், வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி, 8080-க்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதனிடமும் சொல்லி வைத்தேன். மெஷினுக்கென்று இருக்கிற நீளமான எண்ணை முகவரியாகப் போட்டு ஹெட்போன்காரர் மேசையில் அடித்தோம். நீலப் பட்டை வந்தது.

மறுநாள் காலையில் வரவில்லை. மெஷினை அணைத்துப் போட்டால் அந்த எண் மாறிவிடுமாம். யாரும் முன்பே சொல்லவில்லை. நெட்வொர்க் பார்க்கிறவரிடம் போய் நின்று எண்ணை மாறாமல் செய்து வாங்கினேன். ஆமாம், நானாகவே போய்க் கேட்டேன். மூன்று வார்த்தைதான் பேசினேன்.

மற்ற இரண்டு டிரெய்னிகளும் "இதெல்லாம் எதுக்கு, நம்ம மெஷின்லதானே காட்டப்போறோம்" என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு மேனேஜர் அறையில் நீ உட்கார்ந்திருந்தது கண்ணிலிருந்து போகவில்லை.

கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

உன் தங்கை


மார்ச் 16

ஏ பூனை,

சனிக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. நாலு மணி நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான் வந்து வாசலில் நின்றதும் உன் முகம் போன போக்கை மறக்க மாட்டேன். பேயைப் பார்த்தாயா, அக்காவைப் பார்த்தாயா? சொல்லிவிட்டு வந்தால் நீ எதையாவது ஒழுங்குபடுத்தி வைத்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. கட்டில் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. உன் ஆபீஸ் நாற்காலி குள்ளம். அட்டையை மடித்துப் போட்டு உட்காருகிறாய். அதைப் பற்றி எந்தக் கடிதத்திலும் நீ எழுதவில்லை.

உன் பதிவேட்டைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. இப்போது தப்புகளைச் சொல்கிறேன்.

எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று ஒரு கட்டம் வேண்டும். பொருள் இருக்கிறது என்று தெரிந்து என்ன, எங்கே என்று தெரியாவிட்டால் நான் நாள் முழுக்கத் தேட வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, அடையாளம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. "கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது" என்று நீயே எழுதிக் காட்டினால், வருகிறவன் எல்லாம் "என் குடைங்க, ஒரு கம்பி வளைஞ்சிருக்கும்" என்பான். கவுண்டரில் நான் குடையைக் காட்டவே மாட்டேன். அவர்கள் வாயால் அடையாளம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கொடுப்பேன். ஆளை அனுப்பினாலும் கொடுக்க மாட்டேன். உரியவர்தான் நேரில் வர வேண்டும். அடையாளத்தை மறைத்து வை. கவுண்டரில் இருப்பவளுக்கு மட்டும் தெரியட்டும்.

நீ டீ வாங்கப் போன நேரத்தில் ஒரு பதிவு போட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது.

அந்த ஹெட்போன் ஆள் நல்ல மாதிரி. உன்னைப் பற்றிக் கேட்டேன். "ரொம்பப் பேசுவாங்க" என்றார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

31-ஆம் தேதி, ஐந்து மணி. அதற்குள் முடிவு சொல். நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்கு லீடர் வந்தார். எங்கள் மேசைகளுக்கு வருவார் என்று மூவரும் நாற்காலிகளைத் துடைத்து வைத்திருந்தோம். அவர் தன் அறையிலேயே உட்கார்ந்துகொண்டு, "முகவரி சொல்லுங்க, இங்கிருந்தே பாத்துடறேன்" என்றார். முதல் பையன் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆரம்பித்தான். லீடர் விரலை எடுத்துவிட்டு அவனையே பார்த்தார். இரண்டாமவன் தன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நான் என் எண்ணைச் சொன்னேன். சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். அடித்தார். நீலப் பட்டை வந்தது.

"அடையாளம்னு ஒரு கட்டம் இருக்கு, ஏன் காலியா இருக்கு?"

"காலி இல்ல சார், மறைச்சிருக்கு. காட்டினா யார் வேணா எங்களுதுன்னு வாங்கிட்டுப் போயிடுவாங்க. கவுண்டர்ல இருக்கறவங்க மட்டும் பாக்கலாம்."

"இத யார் சொன்னா?"

"கவுண்டர்ல இருக்கறவங்கதான் சார். எங்க அக்கா."

கவுண்டருக்கான பாஸ்வேர்டைக் கேட்டார். கொடுத்தேன். குடைகளைத் தள்ளிக்கொண்டே இரண்டாம் பக்கத்துக்குப் போனார். கடைசிப் பதிவில் நின்றார். நீ ஏதோ குடையைத்தான் பதிந்திருப்பாய் என்று நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை, அக்கா. அவர் சத்தமாகப் படித்தார்.

"பொருள்: தங்கை. எண்ணிக்கை: ஒன்று. கிடைத்த இடம்: மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரம். அடையாளம்: கூப்பிட்டால் பேசாது. நாற்காலி குள்ளம் என்று யாரிடமும் சொல்லாது. எடுத்ததை விடாது."

கதவருகே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஹெட்போன்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டே சிரித்தார். லீடர் கீழே பார்த்தார். "யாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இது நிஜமாவே காலியா இருக்கே."

"அது இன்னும் முடிவாகல சார்."

"சரி. முடிவ அடுத்த புதன்கிழமை சொல்றேன்."

புதன்கிழமை. அப்போது மணி நாலே முக்கால். ஐந்து மணிக்கு டிப்போ வேலை கையை விட்டுப் போகும். இங்கே எதுவும் கைக்கு வரவில்லை. மாடிப்படிக்குப் போனேன். மேலே ஏறினேன், கீழே இறங்கினேன். பிறகு டிப்போ ஆபீசுக்குப் போன் போட்டேன். நான் போட்டேன், அக்கா. மேனேஜரே எடுத்தார். வார்த்தைகளை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். "வணக்கம் சார். எனக்காக வெச்சிருந்த வேலை வேண்டாங்க சார். ரொம்ப நன்றிங்க சார்."

அவர் சொன்னார்: "எந்த வேலைம்மா? உங்க அக்கா உங்களப் பாத்துட்டு வந்ததும் திங்கக்கிழமையே வந்து, அது வேணாம், வேற யாருக்காவது கொடுங்கன்னு சொல்லிட்டாங்களே. அதெல்லாம் ரெண்டு வாரம் ஆச்சு."

திங்கட்கிழமை என்றால் பதினாறாம் தேதி. அன்றுதான் எனக்கு எழுதினாய். 31 வரை யோசி என்று எழுதினாய். இரண்டு வாரம் நான் எப்படித் தூங்கினேன் என்று உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லவில்லை?

உன் தங்கை


ஏப்ரல் 4

ஏ பூனை,

கோபப்பட்டிருக்கிறாய். நல்லது. கோபத்தில் உன் கையெழுத்துகூடப் பெரிதாகிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் அக்கா விட்டதால் தங்கினேன் என்று இருந்திருக்கும். உன் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல மாட்டாய் என்றும் நினைத்தேன். மேனேஜர் என்னைக் கவுண்டருக்கு வந்து பார்த்து, "உங்க தங்கச்சி போன்ல பேசுச்சும்மா" என்றார். மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நீ ஜன்னலைத் தாண்டிக் குனிந்து போன அன்றைக்கு உன்னைப் பார்த்தேன். பை பெரிசு, நீ சின்னவள். பை தனியாகப் போகிற மாதிரி இருந்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பாய். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். விட்டதும் நான்தான். அப்புறம் ஐந்து வாரம் போனை எடுக்காமல் கோபப்பட்டதும் நான்தான். என்மேல் படவேண்டியதை உன்மேல் பட்டேன்.

கவுண்டரில் ஒரு பொருள் தொண்ணூறு நாள் இருக்கும். அதற்குள் உரியவர் வரவில்லை என்றால் ஏலத்துக்குப் போகும். உனக்குத் தொண்ணூறு ஆகிவிட்டது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதே. யார் பெயரைப் போடுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அம்மா பெயரைப் போடப் போனேன். என் பெயரைப் போடப் போனேன். அதற்குள் நீ டீயோடு வந்துவிட்டாய். நீயே போடு.

புதன்கிழமை என்ன சொன்னாலும் எழுது. போனிலும் சொல்லலாம். இனி எடுப்பேன்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் ஆபீசுக்குச் சீக்கிரம் வந்தேன். மெஷினைப் போட்டதும் பழைய ஆளின் சர்வர் எழுந்து தன் இடத்தில் நின்றது. என்னுடையதும் எழுந்து தன் இடத்தில் நின்றது. அதற்கப்புறம் அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.

யாரிடம் ஒப்படைக்கப்பட்டது: அவளிடமே.

பெற்றவர் கையொப்பம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். பதினொரு மணிக்கு லீடர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அதிலும் அதே கையெழுத்தைத்தான் போட்டேன்.

மத்தியானம் போன் செய்கிறேன். பேசுவதற்கு எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

உன் தங்கை